மாமா வெளிச்சமாக்கிய அறை

நான் வேலை பார்த்த அறையில் என் முகம் எப்படி இருந்தது என்பதை ஒரு படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்கா வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு மாமா வெளியே வந்தார். கையில் நீர் சொட்டும் ஒரு பெரிய தாள். துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் போட்டு அதை மாட்டிவிட்டு நகர்ந்து நின்றார். கறுப்பு வெள்ளைப் படம். வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், அவர்களுக்கு முன்னால் பலகைகள், கோடியில் திறந்த கதவு. கதவுக்கு வெளியே வெயிலில் ஒரு சைக்கிள் நின்றது. எதிர்க்கடை வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் காது மடிந்திருப்பதுகூடத் தெரிந்தது. ஒருத்தியின் முந்தானையில் நான் தைத்த ஒட்டுத்துணி கண்ணில் பட்ட பிறகுதான் அவள் நான் என்பதே எனக்குப் புரிந்தது. "இது எந்த ரூம் மாமா?" என்று கேட்டேன். கேலியில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. மாமா சிரித்தார். அந்தக் கேள்வியைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நாங்கள் கர்நாடக எல்லையில் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். அக்கா கல்யாணமாகி மைசூருக்கு வந்து சில வருடங்கள் கழித்து, ஊரில் மழை இல்லாமல் போனதும் நானும் பிழைப்புக்காக அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மண்டி மொஹல்லாவில், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒரு சந்தில் வீடு. மாமா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நாள் முழுவதும் போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவினால் பிறகு கேமராதான். ஓய்வுபெற்றுப் போன யாரோ ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய கேமரா அது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறை அவருடையது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு சிவப்பு பல்பு, அக்காவின் பிளாஸ்டிக் தட்டுகளில் மருந்துத் தண்ணீர். ஞாயிறன்று குளிக்க வேண்டுமென்றால் விடிந்ததும் குளித்துவிட வேண்டும். பக்கெட்டில் எல்லாம் அந்தப் புளித்த வாடை வருகிறதென்று அக்கா முணுமுணுப்பாள். ஆனால் தட்டுகளை அவளே கழுவி எடுத்து வைப்பாள்.

ஊரில் ஒரு போட்டோ சங்கம் இருந்தது. மாதம் ஒருமுறை பள்ளிக்கூட ஹால் ஒன்றில் கூடுவார்கள். டாக்டர்கள், பேராசிரியர்கள், வியாபாரிகள். அவர்களுக்கு நடுவே ஸ்டோர் கீப்பர் மாமா ஒருவர்தான். அதைப்பற்றி அவர் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய கவலை எல்லாம் கேமராவின் குறைபாட்டைப் பற்றித்தான். வெளியே வெயில், உள்ளே இருட்டு இருக்கும் ஓர் இடத்தைப் படமெடுத்தால், உள்ளே தெரிய வேண்டுமென்று வைத்தால் வெளியே வெறும் வெள்ளையாகிவிடும். வெளியே தெரிய வேண்டுமென்று வைத்தால் உள்ளே மையிருட்டு. "கேமராவுக்குப் பாதிக் கண்ணுதான் அம்மிணி" என்பார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, ஸ்டாண்டை அசைக்காமல் ஒரே இடத்தை உள்ளே தெரியும்படி ஒருமுறை, வெளியே தெரியும்படி ஒருமுறை எடுப்பது. பிறகு குளியலறையில், கறுப்பு அட்டையை வெட்டி மறைத்து மறைத்து, இரண்டு நெகட்டிவ்களையும் ஒரே தாளில் பதிப்பது. ஒரு படத்துக்கு ஒரு ஞாயிறு முழுவதும் போகும். சேர்ந்த இடம் தெரிந்தால் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு திரும்பச் செய்வார்.

சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு காட்சி, ஒரு கிளிக், ஒரு படம். அதற்கு மேல் கைவைத்தால் தூரிகையை எடுத்துக்கொண்டு ஓவியம் வரையப் போகலாமே என்றார்களாம். வீட்டுக்கு வந்து மாமா எங்களிடம் வாதாடுவார். எங்களை விட்டால் கேட்க ஆளில்லை. "நாம உள்ள பாக்கறப்ப கண்ணு விரியுது. வெளிய பாக்கறப்ப சுருங்குது. ரெண்டையும் சேத்துத்தான நாம 'பாத்தோம்'னு சொல்றோம்? அதையே நான் பேப்பர்ல பண்ணுனா மட்டும் பொய்யா?" எனக்கு அது சரியென்றே பட்டது. இன்றும் யாராவது அந்த வாதத்தை மட்டும் என் முன் வைத்தால் தலையாட்டிவிடுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஓர் ஊதுபத்திப் பட்டறையில். ஒருகாலத்தில் புளியும் வெல்லமும் அடுக்கிய கிடங்கு அது. தெருவைவிடத் தரை தாழ்ந்திருக்கும். வாசலைத் தாண்டியதும் இரண்டு கல்படி இறங்க வேண்டும். ஜன்னல் கிடையாது, மூட்டைகளுக்கு ஜன்னல் எதற்கு என்று கட்டியவர் நினைத்திருப்பார். கரிமாவைப் பசைத்தூளோடு பிசைந்து குச்சியில் பொதிந்து பலகையில் உருட்டுவது எங்கள் வேலை. சுவர், கூரை, கை, புடவை எல்லாம் கரி. உள்ளே வந்த கொஞ்ச வெளிச்சத்தையும் அந்தக் கரி குடித்துவிடும். உத்தரத்தில் ஒரு குண்டு பல்பு தொங்கியது. பகலில் அதைப் போட சாவ்கார் விடமாட்டார். முதலாளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கதவருகே இடம் கிடைத்தவர்கள் கண்ணால் உருட்டினார்கள், உள்ளே தள்ளி உட்கார்ந்தவர்கள் விரலால் உருட்டினார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் குரல்தான் சொல்லும். நான் சேர்ந்த புதிதில், டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் காலையிலிருந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தவளின் முகத்தைப் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்த முகம் வேறு.

எங்களில் மூத்தவர் பெரியக்கா. கொள்ளேகால்காரர். சாவ்கார் உட்பட எல்லோருக்கும் அவர் பெரியக்காதான். ஒரு பண்டிகை விடாமல் சாவ்காரிடம் கேட்பார். "பின்னால செவுத்துல ஒரு கிட்டகி வெச்சுக் குடுங்க சாவ்காரே. இல்லாட்டிப் பகல்ல பல்பையாச்சும் போட வுடுங்க." தசரா ஆகட்டும் என்பார் சாவ்கார். தசரா ஆனதும் யுகாதி ஆகட்டும் என்பார். அவர் கோபித்துக்கொண்டதில்லை. மறுத்ததுமில்லை. ஜன்னல் மட்டும் வரவில்லை.

ஒருநாள் மதியம் எனக்குச் சோற்றுப் போசியைக் கொடுக்க மாமா பட்டறைக்கு வந்தார். அவருக்கு அன்று விடுமுறை. உள்ளே எட்டிப் பார்த்தவரைப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து இறக்கிவிட்டு ஒரு சாக்குமூட்டை மேல் உட்கார வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் இருந்தவர், "எவ்வளவு அழகா இருக்குது அம்மிணி" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கதவு வெளிச்சம் ஒவ்வொரு பெண்ணின் கன்னத்திலும் ஒரு கோடு மாதிரி படிந்திருப்பதை, கரி பூசிய கைகள் அந்தக் கோட்டுக்குள் வந்து வந்து போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றே சாவ்காரிடம் அனுமதி கேட்டார். கேமரா என்றதும் சாவ்காருக்குச் சந்தோஷம்.

படமெடுத்த நாளில் பின்சுவரை ஒட்டி ஸ்டாண்டை வைத்தார். உள்ளே தெரிய வேண்டிய படத்துக்குக் கேமராவின் கண் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். யாரும் அசையக் கூடாது. உருட்டுகிற கை அசைந்தால் புகை மாதிரி ஆகிவிடும். அதனால் உருட்டாமல் பலகை மேல் கையை வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் முகத்தைக் கொஞ்சம் திருப்பி இருக்கச் சொன்னார். "உருட்டற மாதிரி நடிக்கோணுமா தம்பி?" என்று பெரியக்கா கேட்க, எல்லோரும் சிரித்து, முதல் படம் வீணானது. மறுபடி எடுத்தார். வேலை நேரத்தில் எங்கள் கைகள் சும்மா இருந்தது அந்தப் பட்டறையில் அன்று ஒருநாள்தான். அந்த அமைதி எனக்கு விநோதமாக இருந்தது. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் படத்தைத்தான் நான் எந்த அறை என்று கேட்டேன். பட்டறைக்கு எடுத்துப் போனபோது, அதைப் பார்ப்பதற்கு அன்று வேலைக்கு வந்திருந்த நாங்கள் எல்லோரும் படியேறித் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. அப்போது யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. 'இது நான், இது நீ' என்று விரல் வைத்து வைத்துக் கரிக்கறை ஆக்கினோம். சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. எதிர்த்துப் பேசியவர்களே எழுந்து வந்து கை கொடுத்தார்களாம். மாமா பெரிதாக ஒரு பிரதி போட்டு, கண்ணாடி மாட்டி, நன்றியாகச் சாவ்காருக்குக் கொடுத்தார். பட்டறையை ஒட்டித் தெருவோரமாக இருந்த முன்கடையில் அவர் உட்காரும் இடத்துக்கு மேலே அது தொங்கியது. வருகிற வியாபாரிகளிடம், எங்கள் பட்டறை, எங்கள் பெண்கள் என்று காட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த கோடையில் பெரியக்கா விழுந்தார். மொட்டை மாடியில் காய்ந்த பத்திகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் தெருப்பக்கப் படிக்கட்டில் இறங்கி, வாசலுக்கு வந்தார். உள்ளே இருந்த எங்களுக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். கதவு நிறைய வெயில், நடுவே அவர். கால் முன்னால் வந்தது. படி இருக்குமென்று நினைத்த இடத்தில் படி இல்லை. தட்டு விழுந்த சத்தம் முதலில் கேட்டது; பிறகுதான் அவர் விழுந்தார். அலறவில்லை. "படி எங்க போச்சு" என்று மட்டும் கேட்டார். யாரோ இடம் மாற்றி வைத்துவிட்ட சாமானைக் கேட்பதுபோல. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனிமேல் தரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வயசாகிவிட்டது, தலை சுற்றி விழுந்துவிட்டாள் என்று சாவ்கார் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் கூடிப் பேசினோம். ஒருத்தியின் அண்ணன் உதவியோடு லேபர் ஆபீசுக்கு மனு கொடுத்தோம். அந்த அறையில் பகலிலும் கண் தெரியாது, ஜன்னல் வேண்டும், விளக்கு வேண்டும், பெரியக்கா விழுந்தது அவர் குற்றமல்ல. அவ்வளவுதான் மனு.

ஆபீசர் வரப்போவதற்கு முந்தைய நாள் எலக்ட்ரீஷியன் வந்து உத்தரத்தில் வரிசையாக ட்யூப்லைட் மாட்டினார். போட்டுக் காட்டியதும் நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டோம். அந்த அறைக்கு மூலைகள் இருப்பதையே அன்றுதான் பார்த்தோம். மறுநாள் ஆபீசர் வந்தார். நிதானமான மனிதர். முன்கடையில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார். இந்த விளக்கு நேற்று வந்தது சார் என்று சொன்னோம். சாவ்காருக்குக் கோபம் வரவில்லை. எழுந்து, தலைக்கு மேல் தொங்கிய படத்தைக் கழற்றி, துடைத்து, ஆபீசர் முன்னால் மேசைமேல் வைத்தார். போன வருடம் எடுத்த படம், இதில் ட்யூப்லைட் இருக்கிறதா பாருங்கள், பல்புகூட எரியவில்லை, எங்காவது இருட்டு தெரிகிறதா பாருங்கள் என்றார். அரசாங்கத்துக்குக் காட்ட எடுத்ததல்ல, பரிசு வாங்கிய படம் என்றும் சொன்னார்.

ஆபீசர் குனிந்து பார்த்தார். அவர் விரல் படத்தில் மெல்ல நகர்ந்து கல்படிகளில் வந்து நின்றது. இரண்டு படிகளும் தெளிவாக இருந்தன. கீழ்ப்படியின் ஓரத்தில் கல் பெயர்ந்திருந்தது. அத்தனை நாள் மிதித்தும் எனக்குத் தெரியாத பெயர்ப்பு. "இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே அம்மா" என்று கன்னடத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார். படத்தில் நான் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் பெரியக்கா, சிரிப்பை அடக்கிய முகத்தோடு, அந்தப் படிகளைப் பார்த்தபடியே இருந்தார். அவர் விழுந்த படியை அவரே தெளிவாகப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அத்தாட்சி மாதிரி. அப்படி இல்லை சார் என்றேன். அப்படியென்றால் இது என்ன என்று கேட்டார். அதட்டவில்லை, பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு நெகட்டிவ் கதையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், அது எங்கள் மாமா எடுத்தது சார் என்று மட்டும் சொன்னேன். மற்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபமல்ல, நம் வீட்டுச் சுவரே நம்மேல் சாய்ந்துவிட்டால் ஒரு கணம் திகைப்போமே, அந்தத் திகைப்பு. அடுத்த வாரம் வந்து முடிவு சொல்வதாகச் சொல்லி ஆபீசர் போனார். அவர் வண்டி சந்து திரும்பியதும் ட்யூப்லைட்டுகள் அணைந்தன.

மாமாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார். முதலில் சாவ்கார்மேல் கோபப்பட்டார். பிறகு என்மேல். போட்டிக்காகச் செய்த படம் அது, அதை எடுத்து வைத்துக்கொண்டு பஞ்சாயத்துப் பேசினால் செய்தவன் என்ன செய்வான் என்றார். படம் வேறு, சாட்சி வேறு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அடங்கிய குரலில், அவருக்கு உண்மையாகவே பட்டதைச் சொன்னார். "அந்த ரூம்ல படி தெரியாதுன்னு சும்னே சொல்லாத அம்மிணி. நான் உள்ள உக்காந்து பாத்திருக்கறேன். மூஞ்சி எல்லாந் தெரிஞ்சுது. படியுந் தெரிஞ்சுது. என்ற கண்ணுல பாத்தத்தான் படத்துல வெச்சேன்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது நிஜம். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன் என்று மாமா கை கழுவப் போனார்.

மறுநாள் மதியம் வந்தார். நான் என் இடத்தில் உருட்டிக்கொண்டிருந்தேன். கதவு வெளிச்சத்தில் அவர் வந்து நின்றது தெளிவாகத் தெரிந்தது. நெற்றி வியர்வை, சட்டைப் பையில் பேனா, வெயிலில் சிவந்த காது. என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் எனக்குப் பக்கவாட்டில் எங்கோ திரும்பியிருந்தது. "அம்மிணி, எங்க இருக்கற?" என்று கேட்டார். "இங்கதான் மாமா, உங்களுக்கு நேரா" என்றேன். குரல் வந்த பக்கம் திரும்பினார். அப்போதும் கண்கள் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தன. வலதுகாலை நீட்டினார். செருப்பு காற்றில் துழாவியது. இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். அவருடைய ஒரு கை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில், விரல் விரித்து நின்றது. யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் மெல்ல வாசற்கல்லைத் தடவி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். அவர் கண் திறந்துகொண்டு வருவதை நான் எதிரிலிருந்து பார்த்தேன். முதலில் தனக்குக் கீழே இருந்த படியைப் பார்த்தார், பிறகு பலகைகளை, பிறகு எங்கள் கைகளை. கடைசியில் முகங்களை. வேலையை நிறுத்திவிட்டு அத்தனை பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அடி வாங்கியவர் முகம் அப்படித்தான் இருக்கும். "ரெண்டையும் ஒரே நேரத்துல யாருமே பாக்கல" என்றார். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அன்றைக்குப் போசியோடு வந்தபோது ஒருத்தி தன்னைக் கைபிடித்து இறக்கிவிட்டதை அவர் மறந்தே போயிருந்தார். அதையும் அப்புறம் வீட்டில்தான் சொன்னார். பார்த்தது மனதில் நின்றது, பார்க்க முடியாமல் நின்ற நேரம் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி குளியலறைக்குள் போனார். அன்று வெகுநேரம் ஆகவில்லை. இரண்டையும் சேர்க்காமல், கேமராவின் வெளிச்ச அளவுமானி சொன்ன கணக்கில் அன்று மூன்றாவதாக எடுத்திருந்த ஒற்றை நெகட்டிவை அப்படியே பதித்து எடுத்து வந்தார். நடுவில் வெள்ளையாக ஒரு கதவு. சுற்றிலும் கறுப்பு. உற்றுப் பார்த்தால் ஓரிடத்தில் வளையல் விளிம்பு ஒன்று மின்னியது. வேறொன்றும் இல்லை. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, முந்தைய படத்துக்குச் சொல்லாத ஒரு வார்த்தையை இதற்குச் சொன்னாள். "சரியா இருக்குது."

ஆபீசர் மறுபடி வந்த நாளில் மாமா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தார். சாவ்கார் அவரை வரவேற்று நாற்காலி போடச் சொன்னார். தன் பக்கம் பேச வந்திருக்கிறார் என்றே நினைத்தார். மாமா உட்காரவில்லை. நெகட்டிவ்களையும் கறுப்புப் படத்தையும் மேசைமேல் வைத்தார். ஆபீசர் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகக் கதவு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மாமா கன்னடத்தில்தான் பேசினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இந்தப் படத்தில் இருக்கிற வெளிச்சம் இந்த அறையில் இருந்ததில்லை சார். அதை நான் என் வீட்டுக் குளியலறையில் போட்டேன்." அப்படியென்றால் எதற்காகப் பரிசு வாங்கினீர்கள் என்று சாவ்கார் கேட்டார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. பரிசைப் படத்துக்குக் கொடுத்தார்கள், அறைக்குக் கொடுக்கவில்லை என்றார் மாமா. தான் செய்ததில் மிகச் சிறந்தது என்று அவர் நம்பிய ஒன்றை, அதில் இருந்த பெண்கள் முன்னாலேயே பிரித்துக் காட்டிவிட்டு நின்றார். ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு ஆபீசர் தெருவுக்குப் போனார். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து படி இறங்கப் பார்த்தார்; கால் படியைத் தேடி நின்றது. பிறகு யாரையும் எதுவும் கேட்கவில்லை.

தசராவுக்கு முன்னால் பின்சுவரில் ஜன்னல் வந்தது. விளக்குகளும் பகலில் எரிந்தன. என்னையும் இன்னும் சிலரையும் வேலை குறைவென்று சாவ்கார் திரும்பக் கூப்பிடவில்லை. நான் துணி தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். மேடையில் நாங்கள் கொண்டாடிய படத்தை நீங்களே பொய்யென்று சொல்லிவிட்டு வந்தீர்களாமே என்று வருத்தப்பட்டார். படம் பொய்யென்று சொல்லவில்லை, அறை அப்படியில்லை என்றுதான் சொன்னேன் என்று மாமா எவ்வளவோ விளக்கினார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. மாமா சங்கத்தை விடவுமில்லை, நெகட்டிவ் சேர்ப்பதை விடவுமில்லை. சாமுண்டி மலைக்கு மேல் மேகத்தை வைத்து எத்தனையோ படங்கள் செய்தார். "மலைக்கு வெளிச்சம் போட்டா மலைக்கு ஒண்ணும் ஆகாது அம்மிணி" என்பார். ஆனால் மனிதர்கள் வேலை செய்யும் இடத்தை எடுத்தால் ஒரே நெகட்டிவ்தான். முகம் தெரியாமல் போனாலும் விட்டுவிடுவார்.

இப்போது என் மகளின் கைப்பேசி அவர் ஞாயிறு முழுக்கச் செய்ததைக் கண் சிமிட்டும் நேரத்தில் செய்துவிடுகிறது. கேட்காமலே செய்கிறது. சமையலறை மூலையில் நான் நிற்பதை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றும் தெரிகிறது, அடுப்படியில் என் முகமும் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் உள்ளங்கால் தரையைத் தேடுகிறது.

பெரியக்காவைப் பார்க்க மாமாவும் நானும் போனதைச் சொல்ல வேண்டும். ஜன்னல் வந்த பிறகு ஒருநாள் பஸ் ஏறிப் போனோம். ஊருக்கு வெளியே மகன் வீட்டில் இருந்தார். சுவரில் தலையணை சாய்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமா நடந்ததையெல்லாம் சொன்னார். தன் படத்தால்தான் அவர்மேல் பழி விழப் பார்த்தது என்றார். இரண்டு படங்களையும் கொண்டு போயிருந்தார். படம் காட்டிய வாரம் மகள் பிரசவத்துக்காகக் கொள்ளேகால் போயிருந்ததாலும், சாவ்காரின் முன்கடைக்குள் கூப்பிடாமல் நாங்கள் போவதில்லை என்பதாலும், பெரியக்கா அதுவரை அவற்றைப் பார்த்ததே இல்லை. கறுப்புப் படத்தை முதலில் கொடுத்தார். பெரியக்கா பார்த்தார். "இதுதான் நம்ம ரூமு" என்று உடனே திருப்பிக் கொடுத்தார். "இத நான் தெனமும் பாத்தாச்சு தம்பி. எனக்கெதுக்கு?"

பிறகு மற்றதை வாங்கினார். வாங்கியவர் கொடுக்கவில்லை. கண்ணுக்கு அருகே கொண்டு போனார். தன்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் கட்டைவிரல் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. மாமா சங்கடத்தோடு, "அது நெஜமில்லீங்க பெரியக்கா, நான் பண்ணுனது" என்றார்.

"மொகங்கூடவா நீ பண்ணுன?" என்று பெரியக்கா கேட்டார்.

படத்தைத் திரும்ப வாங்க நீட்டிய கையை மாமா இழுத்துக்கொண்டார். ஆபீசர் முன்னால்கூட அவர் அப்படி நின்று நான் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பெரியக்காவே வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழி முழுவதும் மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கையில் மிச்சமிருந்த கறுப்புப் படத்தை என்னிடம் கொடுத்து, நீ வைத்துக்கொள் என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. மாமா போய்ச் சேர்ந்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன.

படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இதில் ஒன்றுமே இல்லையே என்று மகளின் தோழி ஒருத்தி போன மாதம் கேட்டாள். அந்தக் கறுப்பின்மேல் விரல் வைத்து, இங்கே பெரியக்கா, இங்கே நான், இந்த வளையல் கதவோரத்துக்காரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்துக்கு மிக அருகில் போய் நின்றாள்.